ஊமைத் தைக்காவின் சத்தம்

தோஸ்யா ஊரின் ஊமைத் தைக்கா என்கிற சூஃபி மடத்தில் வியாழக்கிழமைதோறும் வெளியே கேட்கும்படி அல்லாஹ்வின் பெயரைச் சொல்லிக்கொண்டிருந்த கல்பு, அதாவது இதயம், ஷைகு செய்ஃபுல்லாவுடையது அல்ல. பின்னல் மரத்தட்டிக்கு அந்தப் பக்கம் பெண்களோடு உட்கார்ந்திருந்த அவருடைய அக்கா மெஹ்பாரேயுடையது. இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. கடைத்தெருவில் இதை மூன்று விதமாகச் சொல்கிறார்கள். மூன்றையும் சொல்பவர்கள் எங்கள் குடும்பத்துச் சூப்பைக் குடித்து வளர்ந்தவர்கள். ஒருவன் ஜின் என்கிறான். இன்னொருவன் தட்டிக்குப் பின்னால் பெரிய கடிகாரம் ஒளித்து வைத்திருந்தார்கள் என்கிறான். மூன்றாமவன் சொல்வதை எழுதக் கை கூசுகிறது. நடந்தது நடந்தபடி இங்கே இருக்கிறது. அங்காராவுக்கு ரயில் வந்த வருடம் அது. அரிசி நன்றாக விளைந்தது, ஆட்டு ரோமத்தின் விலை இறங்கியது, இருவருடைய வாப்பாவான பெரிய ஷைகு நெஜ்மெத்தீன் காலமானார்.

அவருடைய வழி மௌன வழி. வாயைத் திறக்காமல், நாக்கை மேலண்ணத்தில் ஒட்டி, கண்ணை மூடி, மூச்சைப் பிடித்து, இடது மார்புக்கு இரண்டு விரல் கீழே இருக்கும் கல்பின் மேல் அல்லாஹ்வின் பெயரைச் சம்மட்டிபோல் மனத்தால் அடிக்க வேண்டும். நஃப்ஸ் என்கிற கீழ்மனம் கல்பைத் தன் பக்கம் இழுக்கும், ரூஹ் என்கிற உயிர் தன் பக்கம் இழுக்கும், கல்பு நடுவில் கிடந்து புரளும். அடிக்க அடிக்க அதன் மேல் படிந்த துரு உதிரும். ஒரு நாள் அடிப்பவன் நிறுத்திவிட்டாலும் கல்பு தானாகவே அந்தப் பெயரைச் சொல்லத் தொடங்கும் என்பது பெரிய ஷைகின் பாடம். துரு என்பது எங்கள் தைக்காவில் பேச்சுக்குச் சொன்னதல்ல. வெள்ளிக்கிழமை காலையில் கம்பளத்தை உதறினால் செம்பழுப்பாக ஒரு பிடி விழும். அதைத் தோட்டத்து ஆப்பிள் மரங்களுக்குப் போடுவார்கள், மரங்கள் நன்றாகவே காய்த்தன. ஆற்றுக்கு அந்தப் பக்கம் மேளம் தட்டி, உரக்கக் கூவித் திக்ரு என்கிற இறைத்தியானம் செய்யும் வேறொரு தைக்கா இருந்தது. எங்களுக்கு ஊமைத் தைக்கா என்று பெயர் வைத்தவர்கள் அவர்கள்தான். “உங்க ஷைகு செத்துட்டா எப்படிய்யா கண்டுபிடிப்பீங்க?” என்று சந்தையில் கேட்பார்கள். “மூக்குல கை வச்சுப் பாப்போம். உங்களுக்கு அந்தக் கஷ்டமே இல்ல, சத்தம் நின்னுச்சுன்னா ஊரே நிம்மதியாத் தூங்கும்,” என்று எங்கள் ஆட்கள் திருப்பிக் கொடுப்பார்கள்.

ஷைகு இறந்த நாற்பதாம் நாள், அடுத்து வருபவர் அவருடைய ஆட்டுத்தோலின் மேல் உட்கார வேண்டும் என்பது எங்கள் வழக்கம். எல்லாரும் கண்ணை மூடிக்கொள்வார்கள். ஷைகின் பிரதிநிதியான மூத்த கலீஃபா குனிந்து, உட்கார்ந்திருப்பவரின் இடது மார்பில் காதை வைப்பார். உள்ளே கல்பு பேசினால் அவர் ஷைகு. பேசாவிட்டால் தோலைச் சுருட்டிக் கஸ்தமோனு தாய்த் தைக்காவுக்கு அனுப்பிவிட்டு, குடும்பம் வீட்டுச் சாவியைக் கொடுத்துவிட்டு வெளியேற வேண்டும். நான்கு தலைமுறையாக அந்தத் தோல் எங்கள் வீட்டை விட்டுப் போனதில்லை. செய்ஃபுல்லா இஸ்தான்புல்லில் படித்தவர். கையெழுத்து முத்துமுத்தாக இருக்கும், பாரசீகம் தெரியும், தாடி அவருடைய வயதைத் தாண்டி வளர்ந்திருந்தது. ஆனால் கல்பு பேசவில்லை. சின்ன வயதில் அவரை நெஞ்சோடு அணைத்துத் தூங்க வைத்த மெஹ்பாரேவுக்கு அது தெரியும். அந்த மார்பில் காற்று போவதும் வருவதும் தவிர வேறெதுவும் அவள் கேட்டதில்லை.

அந்த நாற்பதாம் நாள் காலையில் செய்ஃபுல்லா, விருந்தினர் வரும் நேரத்தில் வெங்காய நாற்றம் அடிக்கிறது என்று சொல்லி, வாப்பா காலத்திலிருந்து வாசலில் நின்ற கிழவரை வேலையை விட்டு அனுப்பியிருந்தார். தோலை வாப்பா எப்போதும் மரத்தட்டிக்கு முதுகு கொடுத்துத்தான் போடுவார். மற்றச் சுவர்களில் அடுப்பின் புகைக்குழாய் போனதுதான் காரணம். தட்டிக்குச் சரியாகப் பின்னால், ஒரு முழத் தூரத்தில், மெஹ்பாரே உட்கார்ந்திருந்தாள். முற்றத்தில் கிழவர் தன் போர்வையைச் சுருட்டிக்கொண்டே அழுவது அவளுக்குக் கேட்டது. அப்போதுதான் முதல் தடவையாக அவள் கல்பு வாய்விட்டுப் பேசியது. புது ஈயம் பூசிய செம்புப் பாத்திரத்தைத் தட்டினாற்போல் சுத்தமான சத்தம்: அல்லாஹ், அல்லாஹ். தட்டிக்கு இந்தப் பக்கம் மூத்த கலீஃபா ஹாலிஸ் எஃபெந்தி செய்ஃபுல்லாவின் மார்பில் காதை வைத்திருந்தார். அவருக்கு ஒரு காது ஏற்கெனவே போய்விட்டது, மிஞ்சிய காதுக்குச் சத்தம் எந்தத் திசை என்று தெரியாது. மற்றவர்கள் கண்ணை மூடியிருந்தார்கள். உலகத்தில் வேறெந்தக் கூட்டமும் இப்படி ஏமாந்திருக்காது; திக்ரின் போது கண்ணைத் திறக்காத ஒழுக்கம் எங்களுக்கு மட்டுமே இருந்தது. ஹாலிஸ் எஃபெந்தி அழுதுகொண்டே தோலின் ஓரத்தை முத்தமிட்டார். எல்லாரும் முத்தமிட்டார்கள். தட்டிக்குப் பின்னால் மெஹ்பாரே இரண்டு கையாலும் நெஞ்சைப் பொத்திக்கொண்டிருந்தாள். பக்கத்திலிருந்த பெண்கள் கம்பளத்தின் பூவேலையைப் பார்த்தார்கள். அந்த வீட்டுப் பெண்களுக்குக் கம்பளத்தைப் பார்க்கத் தெரியும்.

கூட்டம் கலைந்ததும் அவள் தம்பியின் அறைக்குப் போனாள்.

“டே செய்ஃபு, அது உன் சத்தம் இல்ல.”

“தெரியும்க்கா.”

“தெரிஞ்சுமா தோல் மேல உக்காந்திருக்க?”

“நான் எழுந்தா நீ உக்காருவியா? பொம்பளைய உக்கார விட்டுருவாங்களா? தோல் கஸ்தமோனுவுக்குப் போயிடும். வாப்பா உக்காந்தது, அவரு வாப்பா உக்காந்தது. நாளைக்கு எவனோ ஒருத்தன் வந்து அது மேல உக்காந்து இருமுவான். உனக்குச் சம்மதமா?”

அவளுக்குச் சம்மதமில்லை. வாப்பாவின் தோலில் அந்நியன் ஒருவன் உட்கார்ந்து இருமுவதை அவளால் நினைத்துப் பார்க்கக்கூட முடியவில்லை. “வாப்பா பேருக்காக வாயை மூடிக்கிறேன். உனக்காகன்னு கனவு காணாதே,” என்றாள். “வாசல்காரரை நாளைக்கே திரும்பக் கூப்பிடு.” கிழவர் மறுநாள் திரும்பி வந்தார். அவருக்குப் புதுப் போர்வையும் கிடைத்தது.

அடுத்த வியாழக்கிழமை எந்தச் சத்தமும் வரவில்லை. சீடர்களான முரீதுகள் ஒருவரை ஒருவர் பார்க்காமலே ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். செய்ஃபுல்லா முட்டாள் அல்ல. அக்காவுக்குக் கோபம் வந்தால் கல்பு பேசுகிறது என்று புரிந்துகொண்டு, அதற்கடுத்த வாரம் அவளைக் கோபப்படுத்தப் பார்த்தார். அவள் செய்த தர்ஹானா சூப்பைக் கழுவு தண்ணி என்றார். கட்டிக்கொடுக்க ஆள் கிடைக்காத கிழவி என்றார். “நான் உன்னைவிட நாலு வயசு மூப்பு, உன் தாடி என்னைவிடப் பத்து வயசு மூப்பு. அதுக்கு முதல்ல பொண்ணு பாரு,” என்று அவள் சொன்னாள், கல்பு சும்மா இருந்தது. தன்னைத் திட்டினால் அவளுக்கு வருவது சாதாரணக் கோபம், அதற்கு வாய் போதும். பிறகு ஒரு வியாழக்கிழமை, தண்ணீர் சுமப்பவன் உடைக்காத ஜாடிக்காக அவனைத் தட்டிக்குக் கேட்கும்படி செய்ஃபுல்லா அறைந்தார், உடனே தட்டிக்குப் பின்னால் செம்புப் பாத்திரம் ஒலிக்கத் தொடங்கியது. அடுத்தவனுக்கு அநியாயம் நடந்தால்தான் அந்தக் கல்பு பேசும் என்பது அன்று அவருக்குத் தெரிந்தது. அது தெரிந்தபின் அவர் செய்ததை எங்கள் குடும்பத்தில் யாரும் மன்னிக்கவில்லை, மன்னிக்கவும் வேண்டியதில்லை.

வியாழக்கிழமை அஸர் என்கிற பிற்பகல் தொழுகைக்குப் பிறகு ஓர் அநியாயம் என்று அவர் வழக்கம் வைத்துக்கொண்டார். முதலில் சின்னச் சின்னதாக இருந்தது. சமையல்காரி வெண்ணெய் திருடினாள் என்பார், வெள்ளிக்கிழமை தவறு என்னுடையது என்று சொல்லி அவளுக்கு முக்காடு வாங்கிக் கொடுப்பார். ஒரு விதவையை வாசலில் நிற்க வைத்துத் துரத்துவார், மறுநாள் கழுதையில் கோதுமை மூட்டை அனுப்புவார். ஆனால் சத்தம் கேட்க சங்கிரியிலிருந்தும் பொயாபாத்திலிருந்தும் ஆட்கள் வரத் தொடங்கினார்கள். கூடம் பெரிதாகக் கட்டப்பட்டது. பெரிய கூடத்துக்குச் சின்ன அநியாயம் போதவில்லை. சமையல்காரி உண்மையிலேயே வேலையை இழந்தாள், விதவையின் நிலத்துக்கு வரப்பு நகர்ந்தது, வெள்ளிக்கிழமைகளில் மன்னிப்பு நின்றுபோனது. மேளத் தைக்காவின் முரீதுகளே இரண்டு பேர், மூன்று பேராக ஆற்றைக் கடந்து வந்து, வாயைக் கைக்குட்டையால் கட்டிக்கொண்டு எங்கள் கூடத்தில் உட்கார்ந்து அழுதார்கள். கம்பளத்தை உதறினால் கூடைக் கணக்கில் துரு விழுந்தது, ஆப்பிள் மரங்களின் கிளைகள் பாரம் தாங்காமல் ஒடிந்தன. இப்படியே பத்து வருடத்துக்கு மேல் ஓடியது. மெஹ்பாரே ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் தம்பியோடு சண்டை போட்டாள், ஒவ்வொரு வியாழக்கிழமையும் தட்டிக்குப் பின்னால் போய் உட்கார்ந்தாள். அவளுக்கு அதில் பெருமை பிடித்திருந்தது என்று சொல்கிறவன் நேரில் வந்து சொல்லட்டும். அவள் காத்தது வாப்பாவின் பெயரை. காக்கக் காக்க அது எதற்கெல்லாம் உதவுகிறது என்று அவளுக்குத் தெரிந்தே இருந்தது. அந்தக் கோபம் அவளுக்குள்ளேயே கிடந்து வெந்தது.

ஒரு முறை மட்டும் அவள் தட்டி வழியாக ஹாலிஸ் எஃபெந்தியிடம் கேட்டாள்.

“கோபத்துல கல்பு பேசுமா, எஃபெந்தி?”

“கோபம் நஃப்ஸோட அடுப்பு, மகளே. அதுல வெந்தது எதுவும் மேல போகாது.”

“அடுத்தவனுக்காக வர்ற கோபம்?”

கிழவர் தாடியைத் தடவினார். “அது யாரோட அடுப்புன்னு எனக்குத் தெரியல. உங்க வாப்பா இருந்தா கேட்டுச் சொல்லியிருப்பேன்.”

“வாப்பா இருந்தா நான் உங்ககிட்ட ஏன் வர்றேன்?” என்று சொல்லிவிட்டு அவள் சமையலறைக்குப் போனாள்.

தைக்காவின் புகழ் தலைநகருக்குப் போயிற்று. நேரில் கேட்டுவிட்டு, இந்த மாவட்டத்துக்கே தலைமைத் தைக்கா என்று சாசனம் எழுதித் தர இரண்டு அதிகாரிகள் வருகிறார்கள் என்று செய்தி வந்தது. சாசனம் கிடைத்துவிட்டால் தோலை யாரும் எப்போதும் கேட்க முடியாது. வழக்கமான அநியாயம் அன்றைக்குப் போதாது என்று செய்ஃபுல்லா முடிவு செய்தார்.

வீட்டில் துர்தானே என்றொரு பெண் இருந்தாள். அவளுடைய அப்பா இல்காஸ் மலையில் ஆடுகளோடு பனியில் உறைந்து இறந்த இடையர். கைக்குழந்தையாக வந்தவளை மெஹ்பாரேதான் வளர்த்தாள். அதட்டியும், தலைவாரிவிட்டும், முதல் ஆப்பிளை அவளுக்கே கொடுத்தும். அந்த வியாழக்கிழமை அதிகாரிகளும் ஊரும் உட்கார்ந்தபின், அரிசி வியாபாரி இல்யாஸ் ஆகாவை முன்வரிசைக்குக் கூப்பிட்டு, தட்டிக்குக் கேட்கும்படி செய்ஃபுல்லா அறிவித்தார்: துர்தானேயின் காப்பாளர் என்ற முறையில் அவளை ஆகாவுக்குக் கொடுக்கிறார், திக்ரு முடிந்ததும் நிக்காஹ். இல்யாஸ் ஆகா மூன்று மனைவிகளைப் புதைத்தவர். மூன்று பேரையும் குளிப்பாட்டிய பெண்கள் அவர்கள் உடம்பில் பார்த்ததை வெளியே சொன்னதில்லை, ஆனால் ஊருக்குத் தெரியும். வெள்ளிக்கிழமை இதை மாற்றிவிடலாம் என்று செய்ஃபுல்லா நினைத்திருந்ததாக அவருக்குப் பரிந்து பேசுகிறவர்கள் சொல்கிறார்கள். பொய். ஆகாவின் மரமும் ஓடும் புதுக் கூரைக்காக முற்றத்தில் ஏற்கெனவே வந்து இறங்கியிருந்தன.

தட்டிக்குப் பின்னால் துர்தானே மெஹ்பாரேயின் முக்காட்டு நுனியைப் பிடித்துக்கொண்டாள். கூடத்தில் எல்லாரும் கண்ணை மூடினார்கள். அதிகாரிகள் சாட்சிக்காகக் கேட்டுக்கொண்டபடி, தொண்ணூறைத் தொட்ட ஹாலிஸ் எஃபெந்தி மறுபடி செய்ஃபுல்லாவின் மார்பில் காதை வைத்தார். அப்போது எழுந்த சத்தத்தை அதற்கு முன் யாரும் கேட்டதில்லை. தட்டியின் ஆணிகள் தளர்ந்தன, விளக்குக் கண்ணாடிகள் நடுங்கின, ஆற்றுக்கு அந்தப் பக்கம் மேளங்கள் தட்டாமலே அதிர்ந்தன. அதிகாரிகளில் ஒருவர் தேம்பினார். தோலின் மேல் செய்ஃபுல்லாவின் முகம் பால் குடித்த பிள்ளையின் முகம்போல் இருந்தது.

மெஹ்பாரே அப்படியே உட்கார்ந்திருந்தால் போதும். மாலைக்குள் சாசனம் எழுதப்பட்டிருக்கும், வாப்பாவின் தோல் உலகம் முடியும்வரை எங்கள் வீட்டில் இருந்திருக்கும். அவள் எழுந்தாள். “என் பின்னாடி வா,” என்று துர்தானேயிடம் சொல்லிவிட்டு, பெண்கள் பக்கத்துக் கதவைத் திறந்து முற்றத்துக்கு வந்தாள். கண் மூடியிருந்தவர்களுக்கு, அல்லாஹ்வின் பெயர் ஷைகின் முதுகுப் பக்கமிருந்து எழுந்து நகர்வது கேட்டது. அது சுவருக்கு வெளியே போனது, முற்றத்துத் தொட்டியைச் சுற்றியது, செருப்பு விடும் இடத்துக்கு வந்தது, வாசலைத் தாண்டிக் கூடத்துக்குள் நடந்தது. தைக்கா கட்டப்பட்ட நாளிலிருந்து முதல் தடவையாக, திக்ரின் நடுவில், ஒவ்வொருவராகக் கண்ணைத் திறந்தார்கள். ஹாலிஸ் எஃபெந்தி இன்னும் செய்ஃபுல்லாவின் மார்பில் காதை வைத்தபடியே இருந்தார். அங்கே காற்று போவதும் வருவதும் மட்டும் கேட்டது.

“இல்யாஸ் ஆகா, எழுந்து செருப்பைப் போடுங்க. பொண்ணு கிடையாது,” என்றாள் மெஹ்பாரே.

“ஷைகு வாக்குக் குடுத்திருக்காரு, ஹனும்.”

“ஷைகுகிட்ட குடுக்கறதுக்கு ஒண்ணும் இல்ல. சந்தேகம்னா காதை வச்சுப் பாருங்க.”

செய்ஃபுல்லா தோலிலிருந்து எழவில்லை. “அக்கா, ஊரு பாக்குது. வாப்பா பேரு...”

“அந்தப் பேரை உன் வாயால சொல்லாதே! அந்தப் பேருக்காக ஊர்ல இருக்கற ஏழைபாழையெல்லாம் உன் அடுப்புக்கு விறகா விட்டுக்கிட்டிருந்தேன். வாப்பா பேரு அந்தத் தோல்ல இல்லடா. இருந்திருந்தா அது எப்பவோ உன்னைக் கீழ தள்ளியிருக்கும்.”

அதிகாரிகளில் மூத்தவர் தொண்டையைச் செருமினார். “கலீஃபா எஃபெந்தி, எனக்கு ஒண்ணும் புரியல. இந்தச் சத்தம் யாரோடது? நீங்க சொன்னாத்தான் நான் எழுத முடியும்.”

ஹாலிஸ் எஃபெந்தி முழங்காலைப் பிடித்துக்கொண்டு நிமிர்ந்தார். “நான் உக்காந்த இடத்துலயே உக்காந்திருக்கேன், எஃபெந்தி. சத்தம்தான் நடந்து போச்சு. போன இடத்துல ஒரு அம்மா நிக்கறாங்க. வேற என்னத்த சொல்ல?” என்றார். பிறகு மெஹ்பாரேயின் பக்கம் திரும்பி, “அன்னைக்கே அடுப்பு உன்னோடதுன்னு சொல்லியிருந்தா இத்தனை வருஷம் நான் தப்பான நெஞ்சுல காதைத் தேச்சிருக்க மாட்டேனே, மகளே,” என்றார். கூடத்தில் யாரோ சிரித்துவிட்டார்கள். அவள் சிரிக்கவில்லை. துர்தானேயைக் கையைப் பிடித்து அழைத்துக்கொண்டு வந்த வழியே திரும்பிப் போனாள், சத்தமும் கூடவே போனது.

அதிகாரிகளுக்கு இதை எந்தத் தலைப்பில் எழுதுவதென்று தெரியவில்லை. சாப்பாட்டுக்குக்கூட நிற்காமல் வண்டி ஏறினார்கள். இல்யாஸ் ஆகா ஓடுகளையும் மரத்தையும் திரும்ப எடுத்துப் போனார். கூரை இன்றைக்கும் வடக்கு மூலையில் ஒழுகுகிறது, ஒழுகட்டும். விதவையின் வரப்பு பழைய இடத்துக்குப் போனது, சமையல்காரி திரும்ப வந்தாள். செய்ஃபுல்லா சங்கிரிக்குப் போய்க் கையெழுத்துப் பள்ளி வைத்தார். நன்றாகச் சொல்லிக் கொடுக்கிறார் என்கிறார்கள், அதில் எங்களுக்கு ஆட்சேபணை இல்லை. கஸ்தமோனுவிலிருந்து தோலைக் கேட்டு ஆள் வந்தபோது, எடுத்துக்கொண்டு போங்கள் என்று மெஹ்பாரேதான் சுருட்டிக் கொடுத்தாள். வீட்டுச் சாவியையும் நீட்டினாள். வந்தவர் தோலை மட்டும் வாங்கிக்கொண்டார். சாவியை வாங்கக் கையை நீட்டியபோது அவள் நெஞ்சிலிருந்து சத்தம் வந்தது என்றும், அவர் கையை மடியில் துடைத்துக்கொண்டார் என்றும் துர்தானே சொல்வாள்.

இப்போதெல்லாம் வெறும் கம்பளத்தில், தட்டிக்கு முகம் காட்டி முரீதுகள் உட்காருகிறார்கள். யாரும் யாரையும் அறைய வேண்டியதில்லை. அந்த வாரம் ஊரில் நடந்த அநியாயங்களைப் பெண்கள் வந்து தட்டிக்குப் பின்னால் சொல்கிறார்கள், அதுவே தாராளமாகப் போதுகிறது. மெஹ்பாரேவுக்கு இப்போது எழுபது வயதுக்கு மேல் ஆகிறது, கோபம் குறையவில்லை. சத்தம் கடைத்தெருவரை வரும், காற்று சாதகமாக இருந்தால் நீதிமன்றக் கச்சேரிவரை. ஊருக்குப் புதிதாக வரும் நீதிபதிகளிடம் கச்சேரிக் குமாஸ்தா முதல் நாளே, குளிர்காலத்தில் இல்காஸ் பாதை அடைபடும் என்று சொல்லும் அதே குரலில் சொல்லிவிடுவார்: “தீர்ப்பை வியாழக்கிழமை வாசிக்காதீங்க, எஃபெந்தி. வாசிச்சே ஆகணும்னா நியாயமானதா வாசிங்க.”